பேக்லிங்க் வேலை செய்யவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

இன்ஃபோகிராஃபிக் (தகவலைப் படமாகக் காட்டுவது), கெஸ்ட் போஸ்ட் (பிறர் தளத்தில் நாம் எழுதும் கட்டுரை) இரண்டையும் வைத்துச் சிறு தொழில் செய்பவர்களின் தளங்களுக்குப் பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து வரும் லிங்க், சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சோடுதான் வருகிறார்கள்: "எல்லாம் செஞ்சாச்சுங்க, ஒண்ணும் நடக்கல." இன்னும் ஐம்பது லிங்க் வாங்கினால் சரியாகிவிடும் என்று அவர்களிடம் யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை காசு செலவில்லாமல் அரை மணி நேரத்தில் பிடிபட்டவை. லிங்க் இருக்கிறது என்று நம்பிய இடத்தில் லிங்க்கே இருக்காது. அல்லது இருந்தும் அந்தப் பக்கத்தைக் கூகுள் பார்க்கவே முடியாதபடி ஒரு பூட்டு இருக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும். இடையில் ஒன்றில் பழுது பிடிபட்டால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவுக் கட்டி செய்து மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்கும் ஒருவரின் தளத்திலிருந்து வருபவை.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் தயாராக இருக்கட்டும். ஒன்று, உங்கள் தளத்தின் கூகுள் சர்ச் கன்சோல் (தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று கூகுள் காட்டும் கருவி). இரண்டாவது, ஒரு ஷீட். அதில் லிங்க் தரும் பக்கத்தின் முழு முகவரி, அது காட்டும் நம் பக்கத்தின் முகவரி, வெளியான தேதி, அப்புறம் "கடைசியாகக் கண்ணால் பார்த்த தேதி" என நான்கு பத்தி. நான்காவது பத்தியை யாரும் போடுவதில்லை. தளத்தின் தோற்றத்தை மாற்றும்போதும், பழைய பதிவுகளைக் கழிக்கும்போதும் சத்தமில்லாமல் லிங்க் காணாமல் போகும். அந்தப் பத்தி இருந்தால்தான் அது தெரியவரும்.

## அறிகுறி 1: இன்ஃபோகிராஃபிக் போட்டாயிற்று, ஒருவரும் எடுக்கவில்லை

### போனில் படிக்க முடிகிறதா?

டிசைனர் பெரிய திரையில் வைத்துச் செய்திருப்பார். பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது போன். உங்கள் படத்தைச் சாதாரண போனில், விரலால் பெரிதாக்காமல் படித்துப் பாருங்கள். தமிழ் எழுத்து சிறிதானால் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் மறையும், அப்புறம் சொல்லே மாறிப்போகும். ஒரே நீளப் படமாக வைக்காமல் மூன்று நான்கு துண்டாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எழுத்து சிதறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடோபி மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். அப்படி ஒரு படத்தைத் தன் தளத்தில் போட எந்தத் தமிழ் வாசகருக்கும் மனம் வராது.

படத்தின் எடையையும் பாருங்கள். பிஎன்ஜி கோப்பாக அப்படியே ஏற்றினால் பல எம்பி வரும். வெப்பி வடிவத்துக்கு மாற்றினால், தரம் குறையாத முறையிலேயே பிஎன்ஜியைவிடச் சராசரியாக 26 சதவீதம் சிறிதாகும் என்பது கூகுள் தரும் கணக்கு. ஆனால் எடுத்துப் போட விரும்புகிறவர்களுக்காகப் பிஎன்ஜியையும் தரவிறக்க வசதியாக வையுங்கள்.

### பக்கத்தில் படம் மட்டும்தான் இருக்கிறதா?

படத்துக்குள் எழுதிய எழுத்தை நம்பியிருக்க வேண்டாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. படத்துக்கு மேலும் கீழும் அதே விஷயத்தை முந்நூறு நானூறு சொற்களில் எழுதுங்கள். ஆல்ட் டெக்ஸ்டில் (படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் எழுத்தில்) படம் எதைப் பற்றியது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். கோப்பின் பெயர் கேமரா தந்த எண்ணாக இல்லாமல் பொருள் தருவதாக இருக்கட்டும். தேடலில் வந்து சேராத படத்தை எடுத்துப் போட ஆள் எங்கிருந்து வருவார்?

### யாருக்காவது சொன்னீர்களா?

பலர் சொல்லவே இல்லை. முகநூலில் ஒருமுறை போட்டதைச் சொன்னதாகக் கணக்கில் வைத்திருப்பார்கள். அதே தலைப்பில் ஏற்கெனவே எழுதியிருக்கும் இருபது தளங்களைத் தேடி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பது அறிகுறி 4இல் இருக்கிறது.

### அதில் புதிதாக என்ன இருக்கிறது?

மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தும் ஒருவரும் எடுக்கவில்லை என்றால் காரணம் இதுதான். சரிசெய்ய நாளும் உழைப்பும் வேண்டும்.

பொள்ளாச்சிக்காரர் முதலில் போட்ட படம் "மாடித்தோட்டத்தின் 10 நன்மைகள்". அழகான படம். ஒரு லிங்க்கூட வரவில்லை, ஏனென்றால் அந்தப் பத்தும் எல்லாத் தளத்திலும் இருக்கின்றன. அவரிடம் உட்கார்ந்து பேசும்போதுதான் வேறு ஒன்று தெரிந்தது. நார்க்கழிவில் உப்பு அதிகமாக இருந்தால் செடியின் இலை நுனி கருகும். அதனால் தொட்டியில் போடும் முன் அதைக் கழுவ வேண்டும். எத்தனை தடவை கழுவினால் உப்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஈசி மீட்டர் (நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்து அவர் அளந்து, பட்டறை நோட்டில் எழுதி வைத்திருந்தார். வருடக்கணக்கான நோட்டு. அதைத்தான் அடுத்த படமாகப் போட்டோம். படம் முதலாவதைவிடச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்கிய கட்டியைக் கழுவத் தெரியாமல் செடியை இழந்தவர்களுக்கு அந்த எண்கள் வேறெங்கும் கிடைக்கவில்லை. தோட்டக்கலை பற்றி எழுதுகிறவர்கள் தாங்களாகவே எடுத்துப் போட்டார்கள்.

உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு நோட்டு எங்காவது இருக்கும். விலைப்பட்டியல், திரும்பி வந்த சரக்கின் காரணங்கள், எந்த மாதத்தில் எது விற்கிறது என்ற கணக்கு என எதுவாகவும் இருக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: எண்கள் கையில் வந்த பிறகு டிசைனரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் கூப்பிட்டால் அதே பத்து நன்மைகளை வேறு நிறத்தில் வரைந்து தருவார். அது அவர் குற்றமில்லை.

## அறிகுறி 2: படம் ஊரெல்லாம் சுற்றுகிறது, லிங்க் மட்டும் இல்லை

பொள்ளாச்சிக்காரரின் உப்புப் படம் (நார்க்கழிவைக் கழுவினால் உப்பு எவ்வளவு இறங்கும் என்ற படம்) பரவிய பிறகு அவர் போன் செய்தார்: "படம் எல்லா வாட்ஸ்ஆப் குரூப்லயும் வருதுங்க தம்பி, நம்ம பேருதான் எங்கயும் காணோம்." நியாயமான வருத்தம். இதைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

### எங்கே சுற்றுகிறது?

கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டுத் தேடுங்கள். டின்ஐ என்ற தளத்திலும் ஒருமுறை தேடுங்கள், இரண்டும் வேறு வேறு பக்கங்களைக் காட்டும். வருவதை மூன்றாகப் பிரியுங்கள். வாட்ஸ்ஆப், முகநூல், இன்ஸ்டாகிராம், பின்ட்ரஸ்ட் போன்றவை முதல் கட்டு. அங்கே பெயர் பரவும், ஆட்கள் வருவார்கள், ஆனால் ரேங்குக்கு (தேடலில் மேலே வருவதற்கு) உதவும் லிங்க் கிடைக்காது. பின்ட்ரஸ்ட் தரும் லிங்க்கும் நோஃபாலோதான், அதாவது ரேங்குக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் குறி கொண்டது. இந்தக் கட்டை விட்டுவிடுங்கள். இரண்டாவது, நம் படத்தை நம் பெயரோடு போட்டு லிங்க் மட்டும் தராத தளங்கள். மூன்றாவது, பெயரை வெட்டிவிட்டுப் போட்டவர்கள்.

### கேட்டீர்களா?

இரண்டாவது கட்டுக்கு மெயில் எழுதினால் நல்ல பலன் கிடைக்கும். பெரும்பாலும் அவர்கள் லிங்க் தர மறுத்தவர்கள் இல்லை, எந்தப் பக்கத்துக்குத் தருவது என்று தெரியாமல் விட்டவர்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"வணக்கம். நார்க்கழிவு கழுவுவது பற்றிய உங்கள் பதிவில் எங்கள் படத்தைப் பயன்படுத்தியிருப்பதைப் பார்த்தோம், மகிழ்ச்சி. படத்தில் இடம் போதாமல் விட்டுப்போன அளவுகளும் செய்முறையும் கீழே உள்ள பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தால் படத்தின் கீழே அந்த லிங்க்கைச் சேர்க்க முடியுமா? படத்தை நீங்கள் தொடர்ந்து தாராளமாகப் பயன்படுத்தலாம்."

அந்தக் கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் மிரட்டல் போலத் தெரிந்து, படத்தையே எடுத்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

### எடுத்துப் போட வழி வைத்தீர்களா?

படத்தின் கீழே ஒரு சிறு பெட்டியில் எம்பெட் கோடு வையுங்கள். எடுப்பவர் அதை நகலெடுத்து ஒட்டினால் படமும் லிங்க்கும் சேர்ந்தே போகும். இங்கேதான் பலர் பேராசைப்படுகிறார்கள். "விலை குறைந்த நார்க்கழிவுக் கட்டி ஆன்லைன்" என்ற தேடுசொல்லை லிங்க்கின் எழுத்தாக அந்தக் கோடில் வைத்துவிடுகிறார்கள். இப்படித் தேடுசொல் திணித்து, பல தளங்களுக்கு ஒட்டுத்துண்டாகப் பரப்பும் லிங்க்குகளைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் நேரடியாகவே குறிப்பிடுகிறது. உங்கள் தளத்தின் பெயரையோ படத்தின் தலைப்பையோ மட்டும் வையுங்கள். படமே லிங்க்காக இருந்தால் ஆல்ட் டெக்ஸ்டைத்தான் கூகுள் ஆங்கர் டெக்ஸ்டாக (லிங்க்கின் எழுத்தாக) எடுத்துக்கொள்ளும் என்பதால் அதையும் காலியாக விடாதீர்கள், திணிக்கவும் வேண்டாம்.

### பெயரை வெட்டியிருக்கிறார்களா?

முதலில் அதே மரியாதையோடு ஒரு மெயில். பதில் இல்லை என்றால் அந்தப் பக்கத்தைத் தேடலிலிருந்து நீக்கச் சொல்லிக் கூகுளின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். ஆனால் அதனால் லிங்க் கிடைக்காது, தேடலில் அந்தப் பக்கம் மறையும், அவ்வளவுதான். வழக்கறிஞரிடம் போவது யாராவது உங்கள் படத்தைத் தங்கள் பொருளின் பையில் அச்சிட்டு விற்கும்போது மட்டும். ஒரு பேக்லிங்க்குக்காக வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் செலவு திரும்பி வராது.

## அறிகுறி 3: பிறர் தளத்தில் நம் படம் உடைந்து தெரிகிறது

இதை உடனே சரிசெய்யுங்கள். உடைந்த படத்தைப் பார்க்கும் தளக்காரர் லிங்க்கோடு சேர்த்துத்தான் அழிப்பார்.

உங்கள் படத்தின் முகவரியை இன்காக்னிட்டோ ஜன்னலில் நேராகத் திறங்கள். திறக்கவில்லை என்றால் கோப்பு இடம் மாறியிருக்கிறது. படச் சுருக்கும் பிளக்இன் பெயரை மாற்றியிருக்கலாம், யாராவது "புதிய பதிப்பு" ஏற்றும்போது பழையதை நீக்கியிருக்கலாம். பழைய முகவரியிலேயே கோப்பைத் திரும்ப வையுங்கள். உங்களிடம் திறந்து அவர்கள் பக்கத்தில் மட்டும் உடைந்தால் காரணம் பெரும்பாலும் ஹாட்லிங்க் புரொடெக்ஷன். சிபேனலிலும் கிளவுட்ஃபிளேரிலும் இருக்கும் இந்த வசதி, பிற தளங்கள் நம் படத்தை இழுப்பதைத் தடுக்கும். எம்பெட் கோடு கொடுத்துவிட்டு இதையும் போட்டு வைப்பது, கதவைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைப்பது போல. கிளவுட்ஃபிளேரில் ‘ஹாட்லிங்க்-ஓகே’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறைக்குள் படத்தை வைத்தால் தடை அதற்குப் பொருந்தாது. இரண்டும் இல்லை என்றால் படத்தின் முகவரி பழைய எச்டிடிபி முறையில் இருக்கிறதா என்று பார்த்து எச்டிடிபிஎஸ்-ஆக்குங்கள்.

## அறிகுறி 4: கெஸ்ட் போஸ்ட் கேட்டு அனுப்பும் மெயிலுக்குப் பதிலே இல்லை

### மெயில் போய்ச் சேர்கிறதா?

உங்கள் தளத்தின் மெயில் முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள். அதைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி வரும். மூன்றுக்கும் எதிரே "பாஸ்" இருக்க வேண்டும். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கண்டிப்பு காட்டுகிறது. எல்லா அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் கட்டாயம், நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். இவை தவறினால் நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் ஸ்பேம் பெட்டியில்தான் கிடக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் உதவி கேட்டால் செய்து தருவார்கள். அங்கும் புரியவில்லை என்றால் மெயில் அமைக்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு மணி நேர வேலை.

### யாருக்கு, என்ன எழுதுகிறீர்கள்?

"உங்கள் தளத்தின் தீவிர வாசகன்" என்று தொடங்கும் மெயிலை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்தத் தளத்தில் உண்மையிலேயே மூன்று பதிவு படியுங்கள். அவர்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கண்டுபிடியுங்கள். "நீங்கள் தொட்டி மண்கலவை பற்றி எழுதியிருக்கிறீர்கள், நார்க்கழிவை எத்தனை முறை கழுவுவது என்பது அதில் இல்லை. நாங்கள் அளந்த எண்களோடு எழுதித் தரட்டுமா?" இவ்வளவு போதும். இப்படிப் பத்துப் பேருக்கு எழுதுவது, ஒரே மெயிலை ஐந்நூறு பேருக்கு அனுப்புவதைவிட அதிகப் பதில் கொண்டுவரும் என்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

### பதிலாக ரேட் கார்டு (விலைப்பட்டியல்) வருகிறதா?

அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுத்த தளங்களே தவறு. எந்தத் தலைப்பிலும் எழுதலாம், காசு கொடுத்தால் போதும் என்கிற தளத்தில் கடன் செயலியும் கிரிப்டோவும் நார்க்கழிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். காசு கொடுத்த லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ அல்லது நோஃபாலோ குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி இருந்தால் நீங்கள் எதிர்பார்க்கும் ரேங்க் பலன் இல்லை, இல்லாவிட்டால் விதிமீறல். விளம்பரமாக நினைத்து, குறியோடு, வாசகர் வருவதற்காக மட்டும் கொடுப்பதானால் கொடுங்கள். லிங்க்குக்காக வேண்டாம்.

## அறிகுறி 5: போஸ்ட் வெளியானது, சர்ச் கன்சோலில் லிங்க் வரவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

### எத்தனை நாள் ஆகிறது?

ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் காத்திருங்கள். சர்ச் கன்சோலின் லிங்க்ஸ் பகுதி காட்டுவது மாதிரிப் பட்டியல்தான், இருக்கும் எல்லா லிங்க்கும் அதில் வராது. எக்ஸ்போர்ட்டில் "லேட்டஸ்ட் லிங்க்ஸ்" என்பதை எடுத்து, தேதியோடு பாருங்கள். அதில் இல்லாததாலேயே லிங்க் பயனற்றது என்று ஆகாது. ஆனால் சோதிக்கக் காரணம் இருக்கிறது.

### லிங்க் உண்மையிலேயே இருக்கிறதா?

போஸ்டைத் திறந்து கன்ட்ரோல், யு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தின் மூலக் குறியீடு வரும். அதில் உங்கள் டொமைன் பெயரைத் தேடுங்கள். இல்லவே இல்லை என்றால் எடிட்டர் லிங்க்கை எடுத்துவிட்டார், அல்லது வெறும் எழுத்தாக ஒட்டியிருக்கிறார். மரியாதையாகக் கேளுங்கள்.

இருந்தால் முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு பழுது இங்கே வரும். பக்கத்தின் முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், நகலெடுக்கும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுபோகும். மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ போகும் வழியில் நடுவில் அறுந்துவிடும். எடிட்டர் பாதி முகவரியை ஒட்டுவார், சொடுக்கினால் 404 (பக்கம் இல்லை என்ற அறிவிப்பு). எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. தமிழ் முகவரியில் கூகுளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் மனிதர்கள் கைமாற்றுவதில்தான். பிறருக்குத் தரப்போகும் பக்கங்களுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் குட்டி முகவரி வையுங்கள். ஏற்கெனவே இருப்பதை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட மறக்காதீர்கள்.

### ‘ரெல்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது?

அதே குறியீட்டில் லிங்க்குக்குள் ‘ரெல்’ என்று ஒரு இடம் இருக்கும். நோஃபாலோ, ஸ்பான்சர்டு, யுஜிசி (வாசகர்கள் எழுதியது என்ற குறி) மூன்றில் எது இருந்தாலும் ரேங்குக்கு அதை நம்ப வேண்டாம். நோஃபாலோ 2005இல் வந்தது, மற்ற இரண்டும் 2019இல் வந்தன. அதிலிருந்து கூகுள் இவற்றைக் கட்டளையாக எடுக்காமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது என்றாலும் நாம் கணக்கில் சேர்க்கக் கூடாது. நோஃபாலோவை மாற்றச் சொல்லி எடிட்டரை நச்சரிக்காதீர்கள். அது அவர் தளத்தின் கொள்கை. அதன் வழியாக வாசகர் வந்தால் அதுவே லாபம்.

‘நோரெஃபரர்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது ரேங்கைத் தொடாது. அதன் வழியாக வருகிறவர்கள் அனலிடிக்ஸில் "டைரக்ட்" கணக்கில் விழுவார்கள், அவ்வளவுதான். "அந்த லிங்க்லேருந்து ஒருத்தரும் வரல" என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

### அந்தப் பக்கத்தைக் கூகுள் வைத்திருக்கிறதா?

கூகுளில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அந்தப் பக்கத்தின் முழு முகவரி என்று தட்டித் தேடுங்கள். வரவில்லை என்றால் மூலக் குறியீட்டில் ‘நோஇன்டெக்ஸ்’ (தேடலில் சேர்க்காதே என்ற கட்டளை) இருக்கிறதா பாருங்கள். வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது போட்டதை எடுக்க மறந்த நல்ல தளங்களைப் பார்த்திருக்கிறேன். அதை அவர்களுக்குச் சொன்னால் நன்றியோடு சரிசெய்வார்கள், அடுத்த போஸ்டுக்கும் இடம் தருவார்கள்.

அடுத்து, எது மூலப் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் ‘கனானிக்கல்’ வரி. அது வேறு ஒரு பக்கத்தைக் காட்டினால் கூகுள் பெரும்பாலும் அந்த வேறு பக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரே கட்டுரையைப் பல தளங்களுக்குக் கொடுத்திருந்தால் இது நடக்கும். அதனால் ஒரு கட்டுரை, ஒரு தளம்.

கடைசியாக, அந்தத் தளத்தின் முகப்பிலிருந்து சொடுக்கிச் சொடுக்கி உங்கள் போஸ்டுக்கு வந்து சேர முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் அதை எந்தப் பட்டியலிலும் காட்டாமல் ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். லிங்க் விற்கிற தளங்களின் வழக்கம் இது. அங்கிருந்து விலகுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இவ்வளவும் சரி, ஆனாலும் பத்து போஸ்டில் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் பழுது உங்கள் தளத்தில் இருக்கலாம். ரோபோட்ஸ் கோப்பு, ஃபயர்வால், ரீடைரக்ட் சங்கிலி மூன்றையும் பார்க்கத் தெரிந்த டெக்னிக்கல் எஸ்.இ.ஓ. ஆளிடம் ஒருமுறை தணிக்கை செய்யுங்கள்.

## அறிகுறி 6: லிங்க் வந்துவிட்டது, ரேங்க் அசையவில்லை

லிங்க் எந்தப் பக்கத்துக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். எல்லாம் முகப்புக்கு வந்து, நீங்கள் ரேங்க் எதிர்பார்ப்பது பொருள் விற்கும் பக்கத்துக்கு என்றால், இடையில் பாதை போட வேண்டும். இன்ஃபோகிராஃபிக் பக்கத்திலிருந்து பொருள் பக்கத்துக்கு உள்லிங்க் இருக்கிறதா? பொள்ளாச்சித் தளத்தில் உப்புப் படத்துக்கு வந்த லிங்க் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே தேங்கி நின்றன. "கழுவிய கட்டி" விற்கும் பக்கத்துக்கு இரண்டு உள்லிங்க் போட்ட பிறகுதான் அது மெல்ல ஏறத் தொடங்கியது.

அடுத்து, லிங்க் தந்த தளங்களை எதை வைத்து மதிப்பிட்டீர்கள்? தளத்தின் வலிமைக்கு மதிப்பெண் தரும் டிஏ என்பது மோஸ் நிறுவனத்தின் கணக்கு, டிஆர் என்பது ஏஹெச்ரெஃப்ஸ் கணக்கு. இரண்டும் கூகுளுடையவை அல்ல, இரண்டையும் காசு கொடுத்து ஏற்ற முடியும். அந்தத் தளத்தைத் திறந்து, உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். படிக்க மாட்டார் என்றால் அந்த லிங்க்கைக் கூகுள் ஏற்கெனவே ஒதுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். பெங்குவின் என்ற கூகுள் அப்டேட் 2012 ஏப்ரலில் வந்தபோது இத்தகைய லிங்க்குகள் தளத்தையே கீழே தள்ளின. 2016 செப்டம்பருக்குப் பிறகு பெரும்பாலும் அவற்றின் மதிப்பைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடுகிறது. தண்டனையும் தெரியாது, பலனும் தெரியாது, மாதாமாதம் காசு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இதில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். லிங்க் நல்லதாகவே இருந்தும் அசையவில்லை என்றால், முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று போட்டித் தளங்களைத் திறந்து உங்கள் பக்கத்தோடு நேர்மையாக ஒப்பிடுங்கள். பல நேரம் விடை அங்கேயே கிடைக்கும்.

## அறிகுறி 7: ரேங்க் திடீரென்று விழுந்தது

### முதலில் தேதி

சர்ச் கன்சோலில் விழுந்த நாளைக் குறியுங்கள். கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் அப்டேட்டுகளின் தொடக்க, முடிவுத் தேதிகள் இருக்கும். ஒத்துப்போகிறதா? கோர் அப்டேட்டோடு (தேடல் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றத்தோடு) ஒத்துப்போனால் லிங்க்கைத் தொடாதீர்கள், உள்ளடக்கத்தைப் பாருங்கள். 2022 டிசம்பரில் வந்தது போன்ற லிங்க் ஸ்பேம் அப்டேட்டோடு ஒத்துப்போனால், பழைய லிங்க்குகள் தந்துவந்த பலன் நீங்கிவிட்டது என்று பொருள். அதைத் திரும்பப் பெற முடியாது. எந்த அப்டேட்டும் இல்லை என்றால் அந்த வாரம் தளத்தில் யார் என்ன மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். ஹோஸ்டிங் மாற்றம், தீம் மாற்றம், தவறிப்போன நோஇன்டெக்ஸ் ஆகியவைதான் அதிகம்.

### மேனுவல் ஆக்ஷன் இருக்கிறதா?

சர்ச் கன்சோலில் "மேனுவல் ஆக்ஷன்ஸ்" பக்கத்தைத் திறங்கள். "நோ இஷ்யூஸ்" என்று பச்சைக் குறி இருந்தால் மூச்சு விடுங்கள், யாரும் உங்கள் தளத்தைக் கையால் தண்டிக்கவில்லை. இந்த நிலையில் டிஸ்அவவ் கோப்பு (இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குத் தரும் பட்டியல்) எதுவும் போட வேண்டாம். ‘டாக்ஸிக் லிங்க்’ என்று ஒரு கருவி சிவப்பில் காட்டியதற்காக நல்ல லிங்க்குகளையும் சேர்த்து மறுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். அதன் பிறகு ரேங்க் இன்னும் விழுந்தது.

இயற்கையல்லாத லிங்க் என்ற அறிவிப்பு இருந்தால் வேலை இருக்கிறது. கெஸ்ட் போஸ்ட் முறையைக் கூகுள் லேசாக எடுப்பதில்லை. 2014 ஜனவரியில் அப்போதைய ஸ்பேம் தடுப்புக் குழுத் தலைவர் மேட் கட்ஸ், லிங்க்குக்காகக் கெஸ்ட் போஸ்ட் எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு மார்ச்சில் மைபிளாக்கெஸ்ட் என்ற பெரிய கெஸ்ட் போஸ்ட் வலையமைப்பே தண்டனைக்கு உள்ளானது. கெஸ்ட் போஸ்டில் தேடுசொல் திணித்த ஆங்கர் டெக்ஸ்ட் வைப்பது இன்றும் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது.

உங்கள் ஷீட்டை எடுங்கள். காசு கொடுத்தவை, ஒரே தேடுசொல்லை ஆங்கராக வைத்தவை, யாரும் படிக்காத தளங்களில் இருப்பவை ஆகியவற்றைக் குறியுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி, லிங்க்கை நீக்கவோ நோஃபாலோ ஆக்கவோ கேளுங்கள். எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதைக் குறித்து வையுங்கள். தண்டனையை நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனைக் கோரிக்கையில் அது தேவைப்படும். நீக்க முடியாதவற்றை மட்டும் டிஸ்அவவ் கோப்பில் போடுங்கள்.

அந்தக் கோப்பில் தவறு நேரும் இடங்கள் மூன்று. புதிய கோப்பை ஏற்றினால் பழையது முழுக்க மாற்றப்படும், கூடுதலாகச் சேராது. அதனால் பழைய வரிகளையும் உள்ளே வைத்தே ஏற்ற வேண்டும். டொமைன் வகையில் பதிந்த சர்ச் கன்சோல் கணக்கில் இந்தக் கருவி வேலை செய்யாது, முகவரி முன்னொட்டு வகையில் தனியாகப் பதிய வேண்டும். கோப்பை ஏற்றிய பிறகும் அந்த லிங்க்குகள் லிங்க்ஸ் பட்டியலில் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள்.

பிறகு மறுபரிசீலனைக் கோரிக்கை. என்ன தவறு நடந்தது, என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்று நேராக எழுதுங்கள். "முன்பிருந்த ஏஜென்சி செய்தது" என்று மட்டும் எழுதினால் போதாது. பதில் வரச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும், பதில் வரும் முன் இரண்டாவது கோரிக்கை அனுப்ப வேண்டாம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேனுவல் ஆக்ஷன் இருந்து, சந்தேகமான தளங்கள் ஐம்பதைத் தாண்டினால், அல்லது முதல் கோரிக்கை மறுக்கப்பட்டால், தனியாகப் போராட வேண்டாம். இதைச் செய்து பழகியவரிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு கேள்வி. எந்தெந்த லிங்க்கை மறுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியலை, ஏற்றும் முன் எனக்குக் காட்டுவீர்களா? வேலை முடிந்ததும் கடிதப் போக்குவரத்து முழுவதையும் என்னிடம் தருவீர்களா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் வேறு ஆளைப் பாருங்கள். பேச்சின் நடுவே "புது லிங்க் ஒரு இருநூறு போட்டா பழசு மறைஞ்சிரும்" என்று சொன்னால் அப்போதே எழுந்துவிடுங்கள்.